சீலனும் துரைசாணி கொடுத்த சட்டியும்

சேரன்மகாதேவி,
9 ஜனவரி 1912

பாளையங்கோட்டை வாத்தியார் மாப்பிள்ளை கிருபைராஜுக்கு, மாமனார் சாலமோன் எழுதுதேன்.

இங்க கர்த்தர் கிருபையால எல்லாரும் சுகம். உம்ம சுகத்தை நான் கேக்கல. பேரன் சீலனுக்கு வயிறு கல்லு மாதிரி கெடக்காமே? எம்மவ ஹெப்சிபா எழுதியிருக்கா. உம்ம மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரைசாணி கொடுத்த எனாமல் சட்டியில புள்ளைய உக்கார வச்சு, பெரம்போட நின்னு கீர்த்தனை பாடுதீராம். ரெண்டு வயசுப் பயலுக்கு எப்படிவே வெளிக்கி வரும்? உம்மப் பார்த்தா எனக்கே அடைச்சிரும்.

காலை நீட்டி உக்காரும். ரெண்டு பாதத்து மேல புள்ளைய வச்சு, கையப் பிடிச்சுக்கிடும். உம்ம ஆத்தா உம்மை அப்படித்தான் வளத்தா. வேட்டி நனைஞ்சா துரைசாணி உத்தியோகத்தைப் பிடுங்கிருவாளோ? முடியலன்னா பயலை இங்கன அனுப்பும். நான் பழக்குதேன்.

சாலமோன்


பாளையங்கோட்டை,
13 ஜனவரி

மாமா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

இதையெல்லாம் கார்டில் எழுதாதீங்க. தபால்காரன் தெருவில நின்னு வாசிக்கான். என் வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பிள்ளையை அனுப்ப மாட்டேன். உங்ககிட்ட விட்டா வாய்க்கால் கரையெல்லாம் நாறடிச்சிருவான். ஹெப்சிபாவுக்கு மாசம் நெருங்குது, அவளைக் கலக்காதீங்க. நீங்களும் வர வேண்டாம்.

கிருபைராஜ்


சேரன்மகாதேவி,
24 ஜனவரி

மாப்ள,

ஞாயித்துக்கிழமை சங்கதி ஊரெல்லாம் நாறுது. கோயில் ஆராதனையில நீரு எந்திச்சு அதே கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தீராம். பய ஆத்தா மடியில இருந்து பைய இறங்கி, துரைசாணி காலடியில குத்தவச்சு, அத்தனை நாள் அடக்கினதையும் போயிட்டானாமே! பாட்டுக் கேட்டா போவணும்னு நீருதானவே பழக்கினீரு? நல்ல வாத்தியாரு!

ஆனா வீட்டுக்கு வந்து புள்ளைய அடிச்சீராமே. அதுக்கு நான் சிரிக்கல. வண்டிக்காரன் சுடலைமாடனை அனுப்புதேன். பயலை ஏத்தி விடும். இல்லன்னா நானே வந்து கோயில் வாசல்ல நின்னு உம்ம மானத்தை வாங்குவேன்.

சாலமோன்


பாளையங்கோட்டை,
26 ஜனவரி

மாமா,

வண்டியில் ஏத்தி விட்டுட்டேன். எனக்குத் துரைசாணி முகத்தில் முழிக்க முடியல. நீங்களே பழக்கிக் காட்டுங்க. முடியலன்னா, இனிமே என் பிள்ளை காரியத்தில் நீங்க வாயைத் திறக்கக் கூடாது.

கிருபைராஜ்


சேரன்மகாதேவி,
31 ஜனவரி

மாப்பிள்ளைக்கு,

வந்ததுல இருந்து பய வெளிக்கிப் போகல. என் கால் மேல உக்காருதான், மீசைய இழுக்கான், அப்புறம் வாசலையே பார்க்கான். "அப்பா பாட்டு"ங்கான்.

நானும் பாடிப் பார்த்தேன்வே. கோயில்ல கடைசியில நின்னு உதட்டை மட்டும் அசைக்கிறவன் நான், பாதிக்கு மேல தெரியாது. சின்னக் கையால என் வாயைப் பொத்திட்டான்.

நேத்துல இருந்து பயலுக்குச் சோறு இறங்கல. முனங்குதான். நீரு வாரும். உடனே வாரும். நான் தோத்தேன்வே, நீரு சொன்னபடி இனி உம்ம புள்ள காரியத்துல பேசல.

நீரு பாடும்போது நான் ஆத்தங்கரைக்குப் போயிருதேன். அவன் போயிட்டான்னா மட்டும் ஆள் விட்டுச் சொல்லும். கூட்டிட்டுப் போகும்போது என்கிட்ட வந்து நிக்க வேண்டாம்.

சாலமோன்