பட்டையைக் கழற்றச் சொன்னவளுக்கு

சூரியநெல்லி
15.9.1976

ரோசிக்கு,

நேற்றுக் காலை பத்து நாற்பதுக்கு ஃபாக்டரி எஞ்சின் ரூம் போன் அடித்தது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து கிளார்க் செல்லத்துரை. "ஏப்பா சுருளி, ராமுத்தாய்க்கு இனிமே வேலை இல்லையாம். அந்தக் கையால கொழுந்து எடுக்க முடியாதுன்னு ஒங்க ரோசிதான் எழுதிக் குடுத்திருக்கு" என்றார். நான் பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, மீதியையும் வைத்து முடித்தேன். என் பூமாரி இறந்துபோனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கே போவாள்?

சாயங்காலம் அவளைப் போய்ப் பார்த்தேன். உன் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. டிஸ்பென்சரி ஸ்டூலில் உட்காரவைத்து, தட்டிலிருந்த பாசிமணியைப் பொறுக்கச் சொன்னாயாம். அதற்கு முன்னால் கையிலிருந்த பட்டையைக் கழற்றச் சொன்னாயாம். "கழட்டச் சொன்னாக, கழட்டிட்டேன். டீச்சருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாவம்" என்கிறாள்.

அந்தப் பட்டை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஃபாக்டரி ரோலரில் விரல் போன கைக்குக் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அது அழுத்துவதற்கு எதிரே ஒரு விரல் வேண்டும் என்று பூமாரி சொன்னாள். பழைய மெஷின் பெல்ட்டில் தோல் அறுத்து, அலுமினியத்தில் விரல் செய்து தைத்துக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்து நசுங்குகிறது என்று பூமாரி திருப்பி அனுப்புவாள், மறுபடி அரம் போடுவேன். இப்போது ராமுத்தாய் கூடை மற்றவர்கள் கூடைக்குக் குறைவில்லை என்று சூப்பர்வைசர் அழகுமலையே சொல்கிறார். ஆனால் ஆபீஸில் அவர் பேச்சு எடுபடாது. தெரபிஸ்ட் சொன்னால்தான் உண்டாம். பூமாரி இல்லாததால் உன்னை வரவழைத்திருக்கிறார்கள்.

நீ பூமாரியிடம் தெரபி படிக்க வந்த புதிதில் உன் வலது கையைக் கட்டிப்போட்டு எங்கள் வீட்டில் சோறு வடிக்கவிட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? கஞ்சி பாதி தரையில். நீ அழுதாய். நான் சட்டியைப் பிடிக்க எழுந்தேன். "தொடாதீங்க. இன்னைக்கு நீங்க பிடிச்சா, நாளைக்கு வேற எவளுக்கோ இவ பிடிப்பா" என்று என்னை உட்காரவைத்தாள். கையைத் தனியாகப் பார்க்காதே, வேலை செய்கிற இடத்தில் ஆளை நிறுத்திப் பார் என்று எத்தனை முறை உனக்குச் சொல்லியிருப்பாள். கூடைக் கயிறு நெற்றியில் இழுக்க, சரிவில் காலை ஊன்றி நிற்கிறவளை ஸ்டூலில் உட்காரவைத்து என்ன பார்த்தாய்?

காமாலை முற்றிக் கிடந்தபோது பூமாரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்டாள், ராமுத்தாயை நடுவில் விட்டுவிடாதே என்று. "நான் பாத்துக்கறேன்க்கா" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாய். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணை மூடித் தூங்கினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பாலக்காட்டு ட்ரெயினிங் ஸ்கூலில் டீச்சராகிவிட்டாய். உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியவளும் அவள்தான். அங்கே பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறாய்? அவள் சொன்னதையா, அன்றைக்கு நீ செய்ததையா?

இந்த மாதம் முடிவதற்குள் வா. ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டில் ராமுத்தாயை நிறுத்திப் பார். பட்டையோடு பார். பிறகும் முடியாது என்று உனக்குத் தோன்றினால் அப்படியே எழுது. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

டிரங்க் கால் போட்டு விளக்கம் சொல்லலாம் என்று நினைப்பாய். "அண்ணே" என்று நீ ஆரம்பித்தால் நான் சரி சரி என்று சொல்லிவிடுவேன். பூமாரிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நல்ல டீச்சராக வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எனக்கும் அந்த ஆசை இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் ரூம் போன் ஒயரைக் கழற்றிவிட்டேன். ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சரிசெய்ய இங்கே என்னைவிட்டால் ஆள் இல்லை.

பூமாரி வீட்டுக்காரன்,
சுருளிவேல்