கம்பளிக் குல்லா

அன்புக் கண்ணு,

பெர்ன்ஹில்லில் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. நீ புதைபடிவங்கள் தேடும் பாலைவனத்தில் வெயில் எப்படி?

நீ விட்டுப்போன ஆதிமனிதனின் பிளாஸ்டர் மண்டையோடு உன் அலமாரியில்தான் இருக்கிறது. ஆதாம்தான் முதல் மனிதன் என்று அன்று நான் உன்னிடம் கத்தியதை அது மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு என் கம்பளிக் குல்லாவைப் போட்டுவிட்டிருக்கிறேன். குளிருக்காக இல்லை, தூசி படியாமல் இருக்கத்தான்.

நேற்று ஜெபிக்க வந்த போதகர், "இது யாருங்க?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுப் பெரியவருங்க" என்றேன். வாய் தவறித்தான். உன் அம்மா அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டுவிட்டு வா. வரும்போது எனக்கொரு குல்லா வாங்கி வா. காது குளிர்கிறது, பெரியவர் தலையிலிருந்து கழற்ற மனசு வரவில்லை.

உன் அப்பா