மலை இறங்குவதற்கு முன் மாற்ற வேண்டியவை

மார்ச் 2, ஞாயிறு

மார்ச் பிறந்ததற்கு எங்கள் ஊர் வழக்கப்படி நேற்று மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிறு அதற்குள் எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டது. பைக்கின் கண்ணாடியிலும் ஒன்று கட்டியிருக்கிறேன். அதுவாவது சுத்தமாக இருக்கட்டும்.

ஜனவரியில் விவாகரத்து முடிந்தபோது வெலிஸார் காரை எடுத்துக்கொண்டான். நான் பைக்கைக் கேட்டேன். நாற்பது வருடப் பழைய ஜப்பான் பைக். என் வக்கீலே என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெலிஸார் சிரித்தான். “எடுத்துக்கோ ரூஜா. ரெண்டே வாரத்துல நீயே போன் பண்ணி, வந்து தூக்கிட்டுப் போன்னு கெஞ்சுவ.”

இன்னும் கெஞ்சவில்லை. போன இலையுதிர் காலத்திலேயே பைக் லைசென்ஸ் எடுத்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் ஆறாம் தேதி மேலே ரோழென் கணவாயில் பைக் சீசன் தொடக்கம். பைக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள், பாதிரியார் வண்டிகளுக்குப் புனித நீர் தெளிப்பார். பிளோவ்திவ் நகரத்திலிருந்து என் மகள் நெவெனா பஸ்ஸில் அங்கே வருகிறாள். இருபத்து மூன்று வயது, இன்னும் அப்பா செல்லம். அங்கிருந்து கீழே ஊருக்கு அவளை என் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். நர்சரிப் பள்ளியில் சமையற்காரிகள் எங்களுக்கு ஆளுக்கொரு கார்னேஷன் பூ. நான் பூவோடு நேராக மெதோடி அண்ணனின் உதிரிபாகக் கடைக்குப் போய் எஞ்சின் ஆயில் ஃபில்டர் கேட்டேன்.

“போன வருஷம் முழுக்க அந்த வண்டி ஷெட்ட விட்டு வெளிய வந்ததா? ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா ஆயில் மாத்தணும்?”

“பாலும்தான் எங்கயும் ஓடறதில்ல அண்ணே. கெட்டுப் போகலையா?”

சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். இனிமேல் இதுதான் என் கணக்கு: எஞ்சின் ஆயில் வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. வெலிஸாரின் கணக்கு வேறு. கறுப்பாக இருந்தால் ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’. ரொம்பக் கறுப்பாக இருந்தாலும் அதேதான்.

மார்ச் 15, சனி

அறிவு கெட்டவள் நான். ஷெட்டில் கார் ஆயில் டின் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. ஆயில்தானே என்று ஊற்றிவிட்டேன். இன்று மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. தபால்காரர்கூட நின்று வேடிக்கை பார்த்தார்.

மெதோடி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “கார்ல கிளட்ச் தனியா இருக்கும். இதுல கிளட்ச்சும் அதே ஆயில்லதாம்மா குளிக்குது. கார் ஆயில்ல இருக்கிற வழுவழுப்பு மருந்து இதுக்கு ஆகாது, கிளட்ச் வழுக்கும்.”

வடித்தேன். பைக் ஆயில் ஊற்றினேன், கொஞ்சம் ஓட்டிவிட்டு அதையும் வடித்து மறுபடி ஊற்றினேன். கிளட்ச் பிடித்துவிட்டது.

அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி. வெலிஸார் போன் செய்தான். “கிளட்ச் போச்சாமே. வந்து தூக்கிக்கிட்டுப் போகட்டுமா?”

“போகல. இருக்கு. நீதான் போயிட்ட.”

வைத்துவிட்டேன்.  

மார்ச் 22, சனி

குலுக்கல் தாங்கும் முன் ஃபோர்க்குக்கு ஆயில் மாற்றினேன். வந்தது எண்ணெயா, அழுகிய மீனா? ஷெட்டில் நிற்க முடியவில்லை. இதற்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்கும் அதே கணக்கு. ரேடியேட்டரில் கூலன்ட்டே இல்லை, துருத்தண்ணீர்தான். குறையக் குறைய வெலிஸார் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான். ஊற்றுவான், மாற்றமாட்டான். எங்கள் கல்யாணத்தையும் அப்படித்தான் ஓட்டினான்.

மார்ச் 23, ஞாயிறு

உள்ளங்கையில் கொப்புளம். நாளை தொண்ணூறு பிள்ளைகளுக்கு பீன்ஸ் சூப் கிண்ட வேண்டும். கிண்டுவேன்.

மார்ச் 29, சனி

முன் பிரேக்.

புது பிரேக் ஆயில் இளமஞ்சளாக இருக்கும், கெமோமில் டீ மாதிரி. இதிலிருந்து வந்தது துருக்கிக் காபி, அடியில் வண்டலோடு. நர்சரியில் சமைத்த எல்லாவற்றிலும் ஒரு பாட்டில் எடுத்துத் தேதி எழுதி வைப்போம், பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் பார்க்க. அந்தப் பழக்கத்தில் இதையும் ஒரு பாட்டிலில் பிடித்து மெதோடி அண்ணனிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும்மா. எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுங்கறது கணக்கே இல்ல. ரெண்டு வருஷம், அவ்வளவுதான். இறக்கத்துல பிரேக் சூடானா உள்ள இருக்கிற தண்ணி கொதிக்கும். லீவர் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், பிரேக் பிடிக்காது. கடைசியா எப்ப மாத்துனது?”

எப்போது? நெவெனாவுக்கு ஏழு வயதில் இந்த பைக்கை வாங்கினான். நல்லா இருக்கறத நோண்டக்கூடாது என்று பெருமையாகச் சொல்வான். ஒரு தடவை கூட மாற்றவில்லை. அவளுக்குப் பதினாறு வயது ஆகும்வரை கோடைக்குக் கோடை அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தக் கணவாயில் இறங்கினான். வேண்டாம் என்ற நான் பயந்தாங்கொள்ளி. அப்பாவும் மகளும் சேர்ந்து பாட்டே கட்டினார்கள், பயந்தாங்கொள்ளி அம்மா என்று.

என் புள்ளைய இதுலயா கூட்டிட்டுப் போன? இந்தச் சாக்கடைய நம்பியா? ஒன்பது வருஷம் — நான் கத்துனேனே, கத்துனேனே. 

புது ஆயில் ஊற்றினேன். காற்று போகிறவரை லீவரை அழுத்தி அழுத்தி விரல் மரத்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏறிப்போனேன். சாலையோரத்தில் இன்னும் பனி. மேலே நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் வெலிஸாரின் கூட்டாளிகள் பேச்சை நிறுத்தினார்கள். நெவெனா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அம்மா, நீயா ஓட்டிட்டு வந்த?” அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

பாதிரியார் பச்சிலைக் கொத்தால் எல்லா வண்டிக்கும் தண்ணீர் தெளித்து முடித்தார். வெலிஸார் தன் புது பைக்கில் சாய்ந்துகொண்டு, “என் வண்டிய நல்லா பாத்துக்கறியா?” என்றான். நான் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து அவன் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“உன் பிரேக்ல இருந்தது. உன் மகள இத நம்பித்தான் பின்னால வெச்ச.”

“பிரேக் பிடிச்சுதா இல்லையா? ஒண்ணும் ஆகலையே.” எல்லாரும் சிரித்தார்கள்.

நெவெனா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் பாட்டிலையே பார்த்தாள். “இதக் காட்டத்தான் வந்தியா? எல்லார் முன்னாடியும்?” அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தப்பு செய்தேனா? இல்லை. ஊரே சிரித்தாலும் இல்லை. ஆனால் அவள் அவன் பின்னால்தான் போனாள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு நெவெனா வரவில்லை. பண்டிகைக்குச் சாயமிட்ட சிவப்பு முட்டை அவளுக்கென்று ஒன்று தனியாக இருக்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக ஏறி இறங்கினேன். அழுதேன், ஓட்டவும் ஓட்டினேன்.

மே 10, சனி

வியாழன் அன்று நெவெனா போன் செய்தாள். “சனிக்கிழமை பஸ்ல வந்து கணவாய்ல இறங்குறேன். வந்து கூட்டிட்டுப் போ. பைக்ல.”

இறங்கியவளிடம் ஹெல்மெட்டை நீட்டினேன். வாங்கவில்லை. நேராக முன்பக்கம் வந்து பிரேக் லீவரை அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

“கெட்டியா இருக்கு.”

“அப்படித்தாண்டி இருக்கணும்.”

“அப்பாவுக்கு இது இறக்கத்துல பாதியிலயே கைப்பிடி வரைக்கும் போயிடும்மா. ஓரமா நிறுத்தி ஒரு சிகரெட் குடிப்பாரு. சிகரெட் முடியறதுக்குள்ள பிரேக் திரும்ப வந்துடும். அம்மாகிட்ட சொன்னா வண்டிய வித்துடச் சொல்வா, மூச்சு விடாதேன்னாரு. நானும் சொல்லல. அன்னிக்கி நீ பாட்டில வெச்சப்ப, நான் மறைச்சதத்தான் நீ எல்லாருக்கும் காட்டுறியோன்னு தோணிச்சு.”

வெலிஸாரைத் திட்ட வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். “பயமா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டேன்.

“கண்ண மூடிப்பேன்.”

ஹெல்மெட்டை நானே அவள் தலையில் மாட்டி வாரை இறுக்கினேன். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக் பிடித்தேன். பின்னால் வந்த கார்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்கட்டும். எங்கேயும் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தோம்.