இரண்டாவது பொட்டலம்

7-6-1971, திங்கள்
பனியன் கம்பெனியில் எண்பத்தைந்து சைஸ் சீட்டு தீர்ந்துவிட்டது, அச்சகத்துக்குச் சொல்லியனுப்பினேன். பகல் தபாலில் என் மகள் வள்ளிநாயகிக்குத் தும்பாவிலிருந்து கடிதம். ராக்கெட் நிலையத்தில் ஓராண்டுப் பயிற்சி. சம்மதத்தை இருபத்தொன்றாம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். வாசலில் நின்றே மூன்று முறை படித்தாள். “எஞ்சினீரிங் படிச்சது வீணாப் போகலீங்கம்மா.” நானும் சிரித்தேன். சிரித்தேனா?

9-6-1971
என் வீட்டுக்காரருக்கு அரை மனசு. “மலைக்கோயில்ல பூக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்” என்றார். அவருடைய அக்கா பழனாயி நங்கை, “ராக்கெட்டு உடறதுக்கு நம்மூட்டுப் புள்ளதான் கெடச்சாளா? கட்டிக் குடுங்க, மாப்பள வேணா உட்டுக்கட்டும்” என்றார். எல்லோரும் சிரித்தோம், வள்ளியைத் தவிர. “முருகன் வேண்டாம்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டனுங்கப்பா” என்றாள்.

11-6-1971, வெள்ளி
பூக் கேட்டாயிற்று. சிவப்பு.

13-6-1971
எழுதித்தான் ஆக வேண்டும்.
வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சாமி முன் வைக்க, இலையில் பூவை வைத்து இரண்டு பொட்டலம் கட்டியவள் நான். இரண்டிலும் சிவப்பு அரளியையே வைத்தேன். வெள்ளைப் பூ என் முந்தானை முடிச்சில் இருந்தது. பூசாரி கிட்டுசாமி, “நீயே எடு கண்ணு” என்றார். வள்ளி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

பயத்தில் செய்தேன் என்று எழுதலாம். அத்தனை தூரம், தனியாக, ஆண்களுக்கு நடுவில் — இல்லை. நாற்பத்தொன்பதில் இயற்பியலில் பட்டம் வாங்கியவள் நான். ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அழைப்புக்கு என் அப்பா பதில் போடவில்லை. நான் ஏனென்று கேட்கவுமில்லை. இருபது வருஷமாகப் பனியனுக்குச் சைஸ் சீட்டு ஒட்டுகிறேன். அவள் வாசலில் நின்று படித்தபோது எனக்கு வந்தது பொறாமை. பெத்த மக மேலயா? தூ.

16-6-1971
வள்ளி கம்பெனிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு ஒட்டினாள். “நேரா இருக்குதுங்களா?” நேராகத்தான் இருந்தது. என்னால் தலை நிமிர முடியவில்லை.

19-6-1971, சனி
காப்பி வேளையில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன்.
நங்கை டம்ளரைக் கீழே வைத்தார். “சாமிகிட்டயே ஏமாத்தினயா? படிச்சவ பண்ற காரியமா இது?”
வள்ளி உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். நடுவில் இரண்டாவது பொட்டலம், இலை காய்ந்திருந்தது. சிவப்பு. அன்றைக்கே எடுத்து வைத்திருக்கிறாள்.
“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?” என்றேன்.
“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க.”
நான் சொல்லாமலே இருந்திருந்தால்? கேட்கத் தைரியமில்லை.
“மறுக்காப் பூக் கேக்கோணும்” என்றார் நங்கை. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, “எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க்கா போய்க் கேக்கறது?” என்று சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்குப் போனார். வள்ளி வருவதாகத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் பேசவில்லை.

29-6-1971
அவர்தான் ரயிலில் கூட்டிப்போனார். வள்ளி என்னிடம், “வரனுங்க” என்றாள். அம்மா என்று சேர்க்கவில்லை.

14-7-1971
முதல் கடிதம், அவர் பெயருக்கு. உரக்கப் படித்துவந்தவர் கடைசி வரி வந்ததும் என்னிடம் நீட்டினார். “நீயே படி.”
“அம்மாவிடம் சொல்லவும்: இங்கே எனக்குத் தந்த முதல் வேலை, உதிரிபாகங்களுக்கு எண் சீட்டு ஒட்டுவது. நேராக ஒட்டுகிறேனாம். எங்கே பழகினாய் என்று கேட்டார்கள். சொன்னேன்.”