ஒரு மைக்கா, ரெண்டு மைக்கா

நவ. 4, செவ்வாய்

விடாத தூறல். துவைத்தது எதுவும் காயலை. ஆபீஸில் மூணு பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்குப் பத்திரம், திருத்தம், மூணிலும் கன்டெய்னர் நம்பர் தப்பு. தப்பு என்னுடையது இல்லை. திட்டு மட்டும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து உதவி சாமியார் சொன்னது, மறப்பதற்குள்: எங்க தெரு மாதா கெபித் திருவிழாவுக்கு இந்த வருசம் மேடைப் பாட்டு கிடையாது. ஒன்பது நாளும் ஒன்பது பாட்டு, பதிவு செய்து ஒலிபெருக்கியில். பாடகர் குழுவில் ரெண்டு ரெண்டு பேராக அவரவர் வீட்டில் பதிந்து 15-ம் தேதிக்குள் அனுப்பணும். போனில் எடுத்தது வேண்டாம், தகர டப்பாவுக்குள் பாடின மாதிரி இருக்காம். லேப்டாப், மைக், ரெண்டுக்கும் நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி. மைக்கில் பாடினதை லேப்டாப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்குமாம். ஒரு விதத்தில், கஸ்டம்ஸுக்குப் புரிகிற மாதிரி நான் பத்திரம் தயார் பண்ணிக் கொடுக்கிற வேலைதான்.

ஏழாம் நாள் பாட்டு ரோஸ்லின் மதினிக்கும் எனக்கும். வேறு யாருக்குக் கொடுப்பார்? அண்ணனைக் கட்டி எங்க வீட்டுக்கு வந்த வருசத்திலிருந்து, இருபத்தொரு வருசமாக, மதினி முதல் குரல், நான் செகண்ட், கூடவே போகிற ரெண்டாம் குரல். ரோஸ்லின்-அமலி என்று ஒரே பேர் மாதிரிதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. என் பேர் எப்பவும் ரெண்டாவதாக வரும். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. (கொஞ்சம் உண்டு.)

பெட்டி நான்தான் பார்த்து வாங்கணும். மதினிக்கு லேப்டாப்பைத் திறக்கவே தெரியாது. இனி ரோ.ம. என்றே எழுதப்போறேன், டைரியில் இடம் பத்தலை.

நவ. 5, புதன்

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. தேறினது:

நீலப்பெட்டி: மைக் ஓட்டை ஒன்று, கிட்டார் ஓட்டை ஒன்று. கைப்பைக்குள் அடங்கும்.

கறுப்புப்பெட்டி: மைக் ஓட்டை ரெண்டு. கொஞ்சம் கனம்.

எட்டு ஓட்டையில் ஒன்று, கல்யாண பேண்டுக்கு ஆகும். வேண்டாம்.

48 வோல்ட் பட்டன் இருக்கணும், இல்லாவிட்டால் நல்ல மைக் வாயே திறக்காதாம்.

பாடும்போது நம்ம குரல் பிந்தாமல் நம்ம காதுக்கு வர ஒரு பட்டன். கட்டாயம்.

மகள் கோயம்புத்தூர் போகும்போது விட்டுட்டுப் போன லேப்டாப்பில் பழைய மாடல் யு.எஸ்.பி. வயர் சேருமா? கேட்கணும்.

கறுப்புதான். ரெண்டு பேர், ரெண்டு மைக். இதில் யோசிக்க என்ன இருக்கு. சாயந்திரம் ரோ.ம.வுக்கு போன் போட்டேன், எடுக்கலை. மறுபடியும் போட்டேன், எடுக்கலை.

ஏழு மணிக்கு வாட்ஸப்பில் ஷெரினுடைய ஸ்டேட்டஸ். அவள் வீட்டு மாடி அறை. ரோ.ம. காதில் பெரிய ஹெட்போன், பக்கத்தில் ஷெரின், கன்னத்தோடு கன்னம். கீழே "மை ஃபேவரிட் ஆன்ட்டி".

ஷெரின்: பி.காம். முடித்து ஆறு மாசம், பாடகர் குழுவுக்கு வந்து மூணு மாசம். மைக், பெட்டி, ஸ்டாண்டு எல்லாம் சொந்தமாக உண்டு, அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. குரல்? நல்ல குரல். எழுதவே கை வரலை, ஆனாலும் நல்ல குரல்.

ஹெட்போன் மாட்டினதில் ரோ.ம. தலை கலைந்து கிடக்கு. என்னோடு போட்டோ என்றால் மூணு தடவை சீவுவாங்க.

நவ. 7, வெள்ளி

மழை விட்டிருக்கு. தெருவில் கணுக்கால் தண்ணி. செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டு ஆபீஸ்.

ஸ்டேட்டஸைப் பற்றி ரோ.ம. ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கேட்கலை. கேட்டால் பார்த்தேன் என்று ஆகிவிடும். (பார்த்தவர்கள் பட்டியலில் என் பேர் இருக்கும் என்பது இப்போதுதான் உறைக்குது.)

சாயந்திரம் சீலாமீன் குழம்பு வைத்து ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கிட்டு அடுத்த தெரு, அண்ணன் வீடு. அண்ணன் கப்பலில், வர தை ஆகும். மாடிப்படி பாதி ஏறும்போது மேலே ரோ.ம. போனில்:

"இல்லம்மா, அந்தச் செகண்ட் வேண்டாம். எத்தன வருசம் ஒழைச்சுதோ, இப்பம் சத்தமே கரகரங்குது. புதுசாவே பாத்துருவோம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. அப்புறம்:

"அமலிட்ட இப்பம் சொல்லிராத. நானே சொல்லிக்கிடுதேன்."

ரெண்டு வாரமாக எனக்குச் சளி. தொண்டை கரகரப்பு. தெரிந்ததுதான். ஆனால் "ஒழைச்சுதோ". அதுவாம். மனுசிகூட இல்லை, நான் ஒரு அது.

ஏறின படியிலேயே இறங்கிட்டேன். குழம்பைத் திருப்பிக் கொண்டுவந்து என் வீட்டுக்காரருக்கே ஊத்தினேன். "என்ன, இன்னைக்கு மீன் கூட இருக்கு?" என்றார். நிறையப் பிடிச்சிருக்காங்க என்றேன்.

நவ. 8, சனி

அரை நாள் லீவ். பாளை ரோட்டில் இசைக்கருவிக் கடை. போகும்போதே மனசில் கறுப்புப்பெட்டிதான், பழக்க தோசம். கடை அண்ணாச்சி எடுத்துக் கையில் கொடுத்தார்.

"பாடுதது எத்தன பேரும்மா?"

பெட்டியை மேசையில் வைத்தேன்.

"ஒருத்தி."

"அப்பம் எதுக்கு ரெண்டு மைக்? நீலத்த எடுத்துக்கிடுங்க."

"செகண்ட் வாய்ஸும் வேணும் அண்ணாச்சி."

"அதையும் நீங்களே பாடலாம்லா. மொதல்ல ஒண்ணு பாடி வச்சிருங்க. பொறவு அதக் காதுல கேட்டுக்கிட்டே மேல இன்னொண்ணு பாடுங்க. ஒரே ஆளு பத்து குரல்ல பாடுதாவ இப்பம்."

"கூட யாருமே வேண்டாமா?"

"யாரும் வேண்டாம்."

அந்த வார்த்தைக்காகவே வாங்கலாம் போலிருந்தது. நீலம், ஒரு மைக், ஒரு ஸ்டாண்டு, ஹெட்போன். லேப்டாப்புக்குச் சேருகிற வயரும் கொடுத்தார். விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று ரெண்டு தடவை சொன்னார். நான் ஏன் திருப்பித் தரப்போறேன்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கிட்டு யோசித்தேன். இதுக்குப் பேர் பொறாமைதான். சுத்தி வளைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பொறாமை ஷெரின் மேலா, மதினி மேலா என்பதுதான் பிடிபடலை. ஷெரின் இடத்தில் நான் இருக்கணுமா, மதினி இடத்தில் இருக்கணுமா? ரெண்டும் வேணும் என்கிறது மனசு. பேராசை பிடித்த மனசு.

நவ. 9, ஞாயிறு

ஏழு மணிப் பூசை. எப்போதும் போல ரோ.ம. பக்கத்தில் நான். மூணாவதாக வந்து ஒட்டிக்கிட்டா ஷெரின், பாட்டுத் தாளை ரோ.ம.வோடு பங்கு போட்டுக்கிட்டு. ரோ.ம.வுக்கு மனப்பாடம், தாள் எதுக்கு?

"தொண்ட எப்படி இருக்குளா?"

"கரகரங்குது மதினி." அழுத்தித்தான் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெரிய நடிகை.

"பால்ல பனங்கற்கண்டு போட்டுக் குடி. வியாழக்கெழம வரைக்கும் பொறு. பொறவு நம்ம பாட்டப் பதிஞ்சிருவோம்."

வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு? புது ஆள் பழகி முடியணும், அதுதான்.

மதியம் பெட்டியைப் பிரித்தேன். துணி அலமாரிக் கதவைத் திறந்து, ரெண்டு பக்கமும் போர்வை தொங்கவிட்டு நடுவில் மைக். எதிரொலி வராதாம். முதலில் சத்தமே இல்லை: 48 வோல்ட் பட்டனைப் போடலை. அப்புறம் என் குரல் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தது: அந்தப் பட்டனையும் போடலை. எல்லாம் சரியானதும் ஹார்பரில் கப்பல் ஊதினான். மறுபடியும். லேப்டாப் ஃபேன் உறுமல், அதைத் தலையணை மேல் வைக்காதே என்று மகள் போனில் கத்தல். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "துணிக்கெல்லாம் பாடிக் காட்டுதியா?" என்றார்.

நவ. 11, செவ்வாய்

வெயில். தொண்டை தெளிஞ்சிருக்கு, பதிவு முடிந்தது. ஆபீஸுக்கு அரை மணி லேட்.

முதல் குரல் நான். என் வாழ்க்கையில் முதல் தடவை. பாட்டு எங்கே போகணும் என்று நான்தான் தீர்மானம் செய்றேன், பின்னால் வருகிறவள் வந்து சேரட்டும் என்று ஒரு தெனாவட்டு. ருசியாக இருந்தது. அப்புறம் அதைக் காதில் கேட்டுக்கிட்டே செகண்ட். அது அஞ்சு தடவை ஆச்சு. ரெண்டையும் சேர்த்துக் கேட்டேன். சுத்தம். ஒரு இடத்தில்கூட உரசல் இல்லை. யாரும் யாரையும் முந்தலை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கலை. நல்லாத்தான் இருக்கு. ரெண்டாம் தடவை கேட்கத் தோணலை, அவ்வளவுதான்.

சாமியாருக்கு அனுப்பினேன். உடனே பதில்: ரோஸ்லின் அம்மா குரல் எங்கே?

எழுதினேன்: "அவங்களுக்கு வேற ஜோடி கிடைச்சாச்சு ஃபாதர். அதனால ரெண்டும் நானே பாடிட்டேன்."

பொய் இல்லை. காதால் கேட்டது.

மதியம் அவர் அதை வாட்ஸப் குழுவில் போட்டுட்டார், ஏழாம் நாள் பாட்டு என்று. வரிசையாகக் கைதட்டு, இதயம். முதல் இதயம் ஷெரினுடையது. ரோ.ம. ஆன்லைனில் வந்துட்டுப் போனாங்க. பதில் இல்லை. பதினஞ்சு தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

நவ. 13, வியாழன்

மறுபடி மேகம். சாயந்திரம் ரோ.ம. வந்தாங்க. கையில் துணிப்பை. காப்பி வேண்டாம் என்றுட்டாங்க. எந்த வீட்டிலும் காப்பியை வேண்டாம் என்கிற ஆள் இல்லை.

"நல்லாப் பாடிருக்க."

"ம்."

"ஒண்ணு கவனிச்சேன். நான் மூச்சு எடுக்குற எடத்துலதான் நீயும் எடுக்க. எனக்கு வீசிங், ஒரு வரிய முழுசாப் பாட முடியாது, நடுவுல நிறுத்துவேன். ஒனக்கு எதுக்குளா அங்கன மூச்சு?"

எனக்கே தெரியாது. இப்போது கேட்டுப் பார்த்தேன். நாலு வரியிலும் அதே இடம். முதல் குரல் என்று நான் பாடினது மதினியை.

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாங்க. கறுப்புப்பெட்டி. பிரிக்காதது.

"இன்னைக்குத்தான் வந்துச்சு. ஷெரின் மொதல்ல செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாத்தா. திருகுனாலே கரகரங்குதுன்னா. அந்தச் செகண்ட் வேண்டாம், புதுசாவே பாத்துருவோம்னுட்டேன். ஒன்ட்ட சொன்னா காச நான் தாரேன்னு நிப்ப, அதான் சொல்லல. லேப்டாப்பும் அவட்ட கொஞ்சம் படிச்சுக்கிட்டேன். எல்லாத்துக்கும் ஒன்னையே எதிர்பாக்கக் கூடாதுல்லா."

செகண்ட். நாள் முழுக்க அடுத்தவன் பத்திரத்தில் எழுத்துப் பிழை பார்க்கிறவள் நான். ஒரு வார்த்தை, அதற்கு ரெண்டு அர்த்தம். படியிலேயே நின்னிருந்தால், "எந்தச் செகண்ட் மதினி?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. போர்வை, ஸ்டாண்டு, நீலப்பெட்டி. ரோ.ம. பார்த்தாங்க.

"ஒத்த மைக்கா?"

"ஆமா மதினி."

"சரி." கறுப்புப்பெட்டியைத் திரும்பப் பையில் போட்டாங்க. "ஃபாதர் ஒம்பதாம் நாள் பாட்ட எனக்கும் ஷெரினுக்கும் குடுத்துட்டாரு. எனக்கு வேற ஜோடி கெடச்சாச்சுன்னு யாரோ சொன்னாவளாம்."

யாரோ. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாங்க. படியில் கேட்டதை அப்போதாவது சொல்லியிருக்கணும். வாசல் வரைக்கும் போனேன், "தண்ணி கெடக்கு, பாத்துப் போங்க" என்றேன்.

நவ. 15, சனி

மூட்டம். மழை இல்லை.

ஒன்பதாம் நாள் பாட்டு பழைய பாட்டு. அதுக்குச் செகண்ட் யாரும் எழுதி வைத்தது கிடையாது, நானாகக் காதால் கேட்டுக் கட்டினது. ஷெரின் பழைய திருவிழா வீடியோக்களைக் கேட்டுப் படிச்சிருக்கா. காலையில் போன்:

"அக்கா, பாடி முடிச்சாச்சு. நீங்க வந்து ஒரு தடவ கேட்டுச் சொல்லணும். அமலி கேக்காம அனுப்பக் கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க."

போகக் கூடாது என்று குளித்தேன், போகக் கூடாது என்று சேலை கட்டினேன், போனேன்.

அண்ணன் வீட்டு மாடி. மேசையில் கறுப்புப்பெட்டி, ரெண்டு மைக்கும் குத்தி, ரெண்டு பச்சை விளக்கு. ரோ.ம. ஜன்னல் பக்கம் நாற்காலியில். ஷெரின் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டா.

ரோ.ம. குரலைக் காதுக்குள் இவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதே இல்லை. மூச்சு இழுக்கிறது கூடக் கேட்குது. பக்கத்தில் ஷெரின். சேர்ந்து பாடியிருக்காங்க. ஒருத்தி தயங்கினால் மற்றவள் நிற்கிறா. நல்லா இருந்தது. வயிறு எரிந்தது.

மூணாவது சரணம் கடைசி வரி. அங்கே முதல் குரல் மேலே நிற்கும். செகண்ட் ஒரு படி இறங்கிக் கொஞ்சம் பொறுத்து, அப்புறம் ஏறிப் போய்ச் சேரணும். வீடியோவில் அந்த இடத்தில் எப்போதும் வெடிச் சத்தம், ஒன்றும் கேட்காது. ஷெரின் இறங்கலை. நேராகப் போயிட்டா. கேட்கிற யாருக்கும் தெரியாது. ரெண்டே பேருக்குத் தெரியும், எனக்கும் ரோ.ம.வுக்கும். எடுத்துச் சொன்னால் போதும், பத்து நிமிசத்தில் திருப்பிப் பாடிவிடுவா. அறிவுள்ள பிள்ளை.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"எங்கயாவது பிசகுதாக்கா?"

"இல்ல. சரியா இருக்கு."

ரோ.ம. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் பச்சை விளக்கைப் பார்த்தேன். அப்புறம் ஷெரின் பக்கம் திரும்பினாங்க.

"அமலி சொன்னா சரிதான். அனுப்பிரும்மா."

அனுப்பிட்டா.