உம் கொட்டும் செவி

நாள் 112 | 07:20

நிலவின் தென்துருவ நிலையம். உள்காற்று சரி. நீர் சரி. மின்சாரம் சரி. பதிவு செய்பவர் மருத்துவர் ஹெலன் சற்குணம். இங்கே இருப்பது இரண்டே பேர்: நான், பொறியாளர் உச்சிமாகாளி. மூன்றாவதாகச் ‘செவி’ இருக்கிறது. அதை ஆளாகக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம்.

செவி என் கண்டுபிடிப்பு. ஒவ்வொருவர் நெஞ்சுக்கூட்டுக்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தால், ஓரிடத்தில் மார்பெலும்பு மெல்ல அதிரும். அந்தச் சுருதியைச் செவி காலையில் எடுத்துக்கொள்ளும். பிறகு நாம் பேசப் பேச, அதே சுருதியில் நமக்கு ‘ம்’ கொட்டும். நாடி இறங்கும், தூக்கம் வரும். கதை சொல்பவருக்கு உம் கொட்ட ஆள் இருந்தால் பாதி நோய் போய்விடும் என்பதை நிரூபிக்க எனக்குப் பாதி ஆயுள் ஆனது.

வெறும் ஓசைக்கு நெஞ்சு மசிவதில்லை. தெரிந்த மனிதர் குரலாக இருக்க வேண்டும். அதனால் மாகாளிக்கு உம் கொட்டும் செவிக்கு என் குரலைக் கொடுத்திருக்கிறேன். வந்த புதிதில் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது வாய் ஓயாமல் பேசுகிறார். நாடி 64. நல்ல தூக்கம்.

என் சுருதியை இன்னும் எடுக்கவில்லை. வைத்தியருக்கே வைத்தியமா?

பின்குறிப்பு: இந்தப் பதிவை நான் வாயால் சொல்கிறேன், செவி எழுதிக்கொள்கிறது. அதன் காதில் விழுவதெல்லாம் எழுத்தில் வரும். நான் இருமினால்கூட.

நாள் 115 | 10:05

பனிக்கட்டி எடுக்க மாகாளி பள்ளத்துக்குள் இறங்கினார். சூரியனே பார்க்காத பள்ளம். முறை இதுதான்: பாதிவழியில் ஒரு பாறைத்திட்டு. அதுவரை மேல்கயிறு, அதற்கு அப்பால் கீழ்க்கயிறு. கீழ்க்கயிற்றின் பூட்டு இடுப்புக்குப் பின்னால் விழும். அது சரியாக மாட்டியதா என்று விண்வெளி உடைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. பூட்டு விழுந்தால் இங்கே என் பலகையில் சிவப்பு விளக்கு பச்சையாகும். நான் பார்த்து, ‘கழற்றலாம்’ என்று முழுச்சொல்லாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் மேல்கயிற்றை விட வேண்டும்.

முதல் வாரம் அப்படித்தான் சொன்னேன். பிறகு அவர் “கழத்தட்டா?” என்பார், நான் “ம்” என்பேன். நம் ஆட்களில் யார் முழுச்சொல் சொல்கிறார்கள்? சோறு போடட்டுமா என்றாலும் ‘ம்’தான், கல்யாணத்துக்குச் சம்மதமா என்றாலும் ‘ம்’தான்.

இறங்கும்போது ரேடியோவில் வந்தது:

“டாக்டரக்கா, எங்க மச்சான் செங்கோட்டையில பரோட்டாக் கடை போட்ட கத இன்னும் முடியல பாத்துக்கிடுங்க. மாஸ்டர் ஓடிப்போயிட்டான்னு சொன்னேம்லா? அதுக்குப் பெறவுதான் கூத்தே.”

இந்தக் கடையைப் பத்து நாட்களாகத் திறந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பரோட்டாவும் இன்னும் கல்லில் விழவில்லை.

நாள் 119 | 09:30

பூமியிலிருந்து இயக்குநர் ரகோத்தமன்:

“டாக்டர், எல்லா நிலையத்துக்கும் செவி போடப் போறாங்க. உங்க அறிக்கை வியாழக்கிழமைக்குள்ள வந்தாகணும். கடைசி நேரத்துல சொதப்பிடாதீங்க.”

தலைக்கு மேல் வேலை. காதுக்குள் பரோட்டாக் கடை. வெளி ரேடியோவில் செவியை இணைத்துவிட்டேன். அவர் பேசுவார், என் குரலில் அது ‘ம்’ கொட்டும். விதியில் இடமில்லை என்று தெரியும். அறிக்கை முடியும்வரைதான்.

அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. திரும்பி வந்ததும் “இன்னைக்கு நல்லாக் கேட்டியக்கா” என்று தேநீர் போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. குடித்தேன். அவர் நாடி 61. என்னைவிடச் செவி நன்றாகத்தான் கேட்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நாள் 121 | 15:40

விபத்து. மாகாளி திட்டிலிருந்து பள்ளத்துக்குள் விழுந்துவிட்டார். இரண்டு கயிற்றிலும் ஆள் இல்லை. கூப்பிடுகிறேன், பதில் இல்லை.

நான் பலகைக்கு முன்னால் இல்லை. அடுத்த அறையில் அறிக்கையின் முடிவுரையில் இருந்தேன். அபாயமணி அடித்த பிறகு ஓடிவந்து பார்த்தேன். விளக்கு சிவப்பு.

ஊர்தியை விளக்கோடு கீழே அனுப்பியிருக்கிறேன்.

நாள் 121 | 17:15

ஊர்தியின் கேமராவில் தெரிகிறார். தலைக்கவசக் கண்ணாடி உடைந்திருக்கிறது. நிலவில் எல்லாம் மெதுவாக விழும் என்று பூமியில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் அதெல்லாம் ஒன்றும் இல்லை.

மருத்துவர் என்ற முறையில் இறப்பை உறுதி செய்கிறேன். ஹெலன் என்ற முறையில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நாள் 121 | 18:05

வெளி ரேடியோவின் ஒலிப்பதிவைப் போட்டேன். அப்படியே இங்கே சேர்க்கிறேன்.

“...மாவு பெசஞ்சது பெசஞ்சபடி கெடக்கு. வாசல்ல ஆளு நிக்கி. நீங்களா இருந்தா என்னக்கா செஞ்சிருப்பிய?”

“ம்.”

“அதான்! ஒங்களுக்குத் தெரியும். நானே அடுப்பப் பத்த வச்சிட்டேன். பரோட்டா அம்புட்டும் அப்பளம் கெணக்கா வந்துச்சு. அதையும் ஒரு பெரியவரு நல்லாருக்குன்னு தின்னுட்டுப் போனாருக்கா... சரி, திட்டுக்கு வந்தாச்சு. கீழ்க்கயிறு மாட்டியாச்சு. பச்ச விழுந்துட்டா?”

“ம்.”

“கழத்தட்டா?”

“ம்.”

உலோகம் உரசும் சத்தம். பிறகு:

“அக்கா—”

“ம்.”

அதற்கும் கொட்டியிருக்கிறது. என் குரலில், அவர் நெஞ்சுக்குப் பொருத்தமான சுருதியில், துளி பிசகாமல்.

பரோட்டாக் கடைக் கதை முடிந்துவிட்டது. நான் கேட்கவில்லை.

நாள் 122 | 08:00

செவியின் உம் கொட்டுதலை எல்லா இடத்திலும் அணைத்தேன். எழுதுவதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

11:20. இயக்குநர்:

“பதிவக் கேட்டேன், டாக்டர். விதிப்படி ‘கழற்றலாம்’ங்கிற வார்த்தை வரணும். வரல. ‘ம்’ங்கிறது அனுமதி கிடையாது, கேட்டுக்கிட்டிருக்கேன்னுதான் அர்த்தம். அவர் அவசரப்பட்டுக் கழட்டிட்டார். அப்படியே எழுதிடலாம். செவி லைன்ல இருந்தது நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய போனா எல்லாம் நின்னுடும். சரிதானே?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். சோறு பரிமாற வேண்டியவள் நான். சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் மென்று விழுங்கினேன்.

‘ம்’ என்றேன்.

செவி இல்லை. அதைத்தான் அணைத்திருந்தேனே. என் வாய், என் தொண்டை, என் ‘ம்’.

நாள் 124 | 13:10

மாகாளியின் மனைவி பேச்சியம்மாளிடமிருந்து வந்த செய்தி:

“டாக்டரம்மா, அவுக அவசரப்பட்டுக் கழத்திட்டாகன்னு ஆபீஸ்ல சொல்லுதாக. வீட்டுல கேஸ மூடிட்டு நாலு தடவ தடவிப் பாக்குத ஆளும்மா அவுக. நீங்க சொல்லாமக் கழத்திருக்க மாட்டாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் வேற யாரையும் கேக்கல. எங்க பயகிட்ட பள்ளிக்கூடத்துல ‘ஒங்கப்பா கவனமில்லாம செத்துட்டாராம்லா’ன்னு கேக்காங்களாம்.”

மூன்று முறை கேட்டேன். பதில் சொல்ல ஒலிவாங்கியை எடுத்தேன், வைத்தேன்.

நாள் 126 | 12:00

தூக்கம் இல்லை. நாடி 112, சீராக இல்லை. மீட்புக்கலம் வர இன்னும் பல நாட்கள் ஆகும். பூமியில் இருக்கும் மருத்துவக் குழு ஆணை அனுப்பியிருக்கிறது: செவிச் சிகிச்சையை எனக்கே தொடங்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லத் திராணி இல்லை. சிகிச்சையை நம்பாமல் அல்ல. நலமாவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றுகிறது. இருந்தாலும் ஒரு நிமிடம் முனகினேன். சுருதி எடுத்துக்கொண்டது.

அடுத்து திரையில் ஒரு கேள்வி: எந்தக் குரலில்? செவியிடம் இருப்பது இரண்டே குரல்கள். ஒன்று என்னுடையது. தன் குரலே தனக்கு உம் கொட்டக் கூடாது என்று நிரலில் எழுதி வைத்தவளும் நான்தான்.

நாள் 127 | 09:15

இது பேச்சியம்மாளுக்கு. இயக்குநர் வழியாகப் போகாமல் நேராகப் போகிற அலைவரிசையில் அனுப்பப் போகிறேன். இந்தப் பதிவு முழுதும் கூடவே போகும். வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படிக்கலாம்.

பேச்சியம்மா, உங்கள் கணவர் அவசரப்படவில்லை.

ம்.

ஐயோ. வந்துவிட்டது. அவர் குரல். ரொம்பப் பக்கத்தில். என் மார்பெலும்பு அதிர்கிறது.

ம்.

சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மா, அவர் கேட்டார். பச்சை விழுந்ததா என்று கேட்டார், கழற்றட்டுமா என்று கேட்டார். செய்ய வேண்டிய இரண்டையும் செய்தார். கேட்க வேண்டிய இடத்தில் நான் இல்லை. அவர் பேச்சு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் என் குரலை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். என்னை நம்பித்தான் அவர் கயிற்றை விட்டார்.

ம்.

பையனிடம் சொல்லுங்கள், அவன் அப்பா கவனமான ஆள். கவனமில்லாதவள் நான். பிறகும் இயக்குநர் கேட்டபோது அவர்மேல் பழி போட ஒத்துக்கொண்டேன். அதைச் செய்தது இயந்திரம் இல்லை.

ம்.

நாடி 98. இறங்குகிறது. அடப்பாவி, என் கண்டுபிடிப்பு வேலை செய்கிறது. இப்போதா வேலை செய்ய வேண்டும்?

ம்.

மாகாளி... இது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும் கேக்குறேன். அனுப்பட்டா?

ம்.

சரி. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிறேன். நீங்க எடுத்துக்கிட்ட மாதிரியே. அனுப்பிட்டேன்.

நாடி 84.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாகாளி. நான்தானே உங்களக் கொன்னேன்?

ம்.

கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்றீங்களா... இல்ல, ஆமான்னு சொல்றீங்களா?

ம்.