நாய்க்கு வைத்த பேர்

1974, ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது. சிரித்துச் சிரித்துத் தூக்கம் போய்விட்டது.

பாழுங்கிணற்றிலிருந்து நான் தூக்கி வளர்த்த குட்டி. நாளைக்குள் அது போகாவிட்டால் நாங்களே போக வேண்டும் என்றுவிட்டார் வீட்டுச் சொந்தக்காரர். நொண்டி நாயை யார் கேட்பார்கள்? கேட்டவள் ஒருத்திதான், மகாபலிபுரத்துச் சவுக்குத்தோப்புப் பட்டம்மாள். அவள் புருஷன் மாணிக்கம், என் மகள் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியை விட்டு எழுந்து போனவன். நான் மறப்பேனா? ஆசை தீரத் திட்டலாம் என்றுதான் நாய்க்கும் மாணிக்கம் என்று பேர் வைத்தேன்.

செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் கோணிப்பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். மாணிக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"பேரு இன்னாக்கா?" என்றாள் பட்டம்மாள்.

அவனுக்குக் கேட்டால் நாயைத் துரத்திவிடுவான். அவள் காதில் மட்டும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யய்யோ! அந்தப் பேர நான் எப்டிக்கா சொல்லுவேன்?"

"வூட்டுக்காரர எப்டி கூப்புடுற? அப்டியே இதையும் கூப்புடேன்."

கஞ்சியை ஊற்றி வைத்து, "ஏங்க, சாப்புட வாங்க!" என்று குரல் கொடுத்தாள். நாய் நொண்டிக்கொண்டே ஓடியது. அவனும் எழுந்து வந்தான்.

கஞ்சிக்கு முதலில் வந்து நின்றது என் மாணிக்கம்தான்.